அரைப்பேர்



சுருக்கி எழுதுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பதிவு நீண்டு விட்டது. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள், ஒரு மாணவனிடமிருந்து போனுக்கு மெசேஜ் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். அதிலும் உயிரெழுத்துகளை எல்லாம் கழற்றிவிட்ட தமிழ். "சேர், அம்மா" என்பது விளங்கியது. கடைசியில் இருந்தது "வர முடியாது" என்று ஊகித்தேன். நடுவில் எம், எல், ஐ என்று மூன்று எழுத்து. அந்தக் கிழமை முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்ததால் "மழை" என்று வாசித்துவிட்டேன். அடுத்த நாள் கூட்டத்தில், பெயர் சொல்லாமல்தான், "மழைக்குப் பயந்து வராத பெற்றோரும் இருக்கிறார்கள்" என்று ஒரு குத்தல் கதையும் சொல்லிவிட்டேன். சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் பையன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "சேர், மழை இல்ல, மலை. அம்மா மலைக்குப் போயிட்டாங்க. கூட்டத்துக்கு வந்திருந்தா அன்னைக்கு அரைப்பேர் கூட விழாது."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டவுன் பக்கத்து உறவுகளுக்காகச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் இடத்துக்குத்தான் இங்கே மலை என்று பெயர். ஒரு நாள் வேலைக்கு ஒரு "பேர்". சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். பேர் என்றால் பெயர். செக்ரோலில் ஆளின் பெயருக்கு நேரே விழும் அடையாளம்தான் அன்றைய சம்பளம். பெயர் பாதியானால் சோறும் பாதி.

எனக்கு வந்த கோபம் முதலில் பையன் மேல். இரண்டு எழுத்து கூடுதலாகப் போட்டிருந்தால் என்ன? பிறகு என் மேல். விளங்காத இடத்தில் "என்னப்பா இது" என்று கேட்காமல், எனக்குத் தோன்றியதைப் போட்டு நிரப்பியது நான்தானே. அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் மனதில் ஒரு கேள்வி தங்கிவிட்டது. எழுத்தைச் சுருக்கும்போது மிச்சம் யாருக்கு, செலவு யாருக்கு? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய கதைகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சுருக்குவது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த நோய் இல்லை. தமிழில் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகிய எட்டுச் சொற்களுக்கும் ஒற்றை அடையாளங்கள் இருந்தன. பழைய உறுதிகளிலும் கணக்குப் புத்தகங்களிலும் அவற்றைக் காணலாம். 2003இல் வந்த யுனிகோட் 4.0 பதிப்பில் அந்த எட்டையும் சேர்த்துவிட்டார்கள். இன்று உங்கள் போனிலும் அவை இருக்கும். நம்மில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

நாமும் குறைந்தவர்கள் இல்லை. "இ.போ.ச. பஸ் வந்துட்டா?" என்று கேட்கிறோம். க.பொ.த. சாதாரண தரம் என்கிறோம். இ.தொ.கா. என்கிறோம். இவற்றால் யாருக்கும் நட்டமில்லை. எழுதுபவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். இது இரண்டு பக்கமும் சம்மதித்த சுருக்கம்.

சம்மதம் இல்லாத சுருக்கத்தின் கதை வேறு. பனை ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. அந்தக் காலத்தில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்டியதே அந்தப் புள்ளிதான். புள்ளி போனதும் "கொல்" என்பதும் "கோல்" என்பதும் ஓலையில் ஒன்றாகிவிட்டன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதற்கு முந்திய ஏடுகளை அச்சில் கொண்டுவர உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லை உறுதிப்படுத்த ஊர் ஊராகப் போய் வேறு பிரதி தேட வேண்டியிருந்தது. எழுதியவருக்கு ஒரு நிமிடம் மிச்சம். வாசித்தவருக்கு வருடக்கணக்கில் செலவு.

அரபு எழுத்துக்கும் இதே கதை உண்டு. கலீபா உஸ்மான் (ரலியல்லாஹு அன்ஹு) அவர்களின் காலத்தில் பிரதி எடுக்கப்பட்ட முஸ்ஹபுகளில் இன்று நாம் பார்க்கும் புள்ளிகளும் இல்லை, ஸபர், ஸேர் போன்ற அடையாளங்களும் இல்லை. மனனம் செய்திருந்த அரபிகளுக்கு அது போதுமாக இருந்தது. இஸ்லாம் பரவி, அரபு தெரியாத மக்கள் ஓத ஆரம்பித்தபோது பிழைகள் வந்தன. அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிர் ஓசையைக் காட்ட நிறப் புள்ளிகள் வைத்தார்கள். பின்னால் வந்த கலீல் இப்னு அஹ்மத் இன்றைய வடிவங்களைத் தந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் தங்களுக்குப் போதும் என்று நின்றுவிடவில்லை. தெரியாமல் வந்து வாசிக்கப் போகிறவருக்காக எழுத்தை நீட்டினார்கள்.

நம் முன்னோரும் அப்படித்தான். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் கீழக்கரை, காயல்பட்டினம் தொடங்கி நம் நாடு வரை புழங்கியது. தமிழுக்கே உரிய ஓசைகளுக்காக அரபு எழுத்துகளில் கூடுதல் புள்ளி வைத்துப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். உயிர்க்குறிகளையும் போட்டு எழுதினார்கள். வேற்று எழுத்தில் தமிழை எழுதுவது அவர்களுக்கும் நமக்கும் பொது. ஆனால் அவர்கள் அந்த எழுத்தைத் தமிழுக்காக வளைத்தார்கள். நாம் தமிழை வளைத்து எம், எல், ஐ ஆக்கிவிட்டோம்.

ஆலிம்கள் சுருக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். சுருக்கினார்கள். ஹதீஸ் எழுதும்போது "எங்களுக்கு அறிவித்தார்" என்ற பொருள் தரும் "ஹத்தஸனா" என்ற சொல் பக்கத்துக்குப் பல தரம் வரும். அதை இரண்டு மூன்று எழுத்தாகக் குறைத்தார்கள். ஓர் அறிவிப்புத் தொடரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் "ஹா" என்ற ஒரே எழுத்தைப் போட்டார்கள். டமஸ்கஸில் ஹதீஸ் கற்பித்து 1245இல் வபாத்தான இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் தமது நூலில் இந்தச் சுருக்கங்களை எல்லாம் விளக்கியிருக்கிறார்கள். மாணவன் குழம்பக் கூடாது என்பதற்காகத் திறவுகோலையும் கையில் கொடுத்தார்கள். ஆனால் அதே நூலில் ஓர் எல்லையும் போட்டார்கள். நபிகளாரின் பெயரோடு வரும் ஸலவாத்தை இரண்டு எழுத்தாகக் குறைக்காதீர்கள், எத்தனை தரம் வந்தாலும் முழுதாக எழுதச் சலிக்காதீர்கள் என்றார்கள்.

கடதாசி விலை கூடிய காலம் அது. ஒவ்வொரு சொல்லையும் கையால் எழுத வேண்டிய காலம். அப்போதும் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக் கூடாது என்று பிரித்து வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்ப வரும் தொழில் சொல்லைச் சுருக்கலாம். ஒரு மனிதருக்கான மரியாதையையும் துஆவையும் சுருக்கக் கூடாது.

இந்த இடத்தில் என் மாணவர்கள் என்னை மடக்கிவிட்டார்கள். "சேர், நம்ம புத்தகத்துல அடைப்புக்குறிக்குள்ள ஸல், ரலி, அலை என்றுதானே அச்சடிக்கிறாங்க?" உண்மைதான். நானும் அப்படி எழுதியவன்தான். வாசிப்பவர் முழுதாகச் சொல்வார் என்ற நம்பிக்கையில் அச்சுக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. ஆனால் இன்று பிள்ளைகள் "நபி ஸல்" என்றே சத்தமாக வாசிக்கிறார்கள். கண்ணுக்காகப் போட்ட சுருக்கம் நாக்குக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவில் முழுதாக எழுதியிருக்கிறேன்.

சரி, போனில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது? அதற்கும் காரணம் இருக்கிறது. பிள்ளைகளை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

தந்திக் காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் சாவுச் செய்தி கூட மூன்று நான்கு சொல்லில் ஆங்கிலத்தில் வரும். லயத்து வாசலில் தந்தி என்று கேட்டாலே ஒப்பாரி தொடங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாசித்துச் சொல்ல ஆள் தேடுவதற்கு முன்னமே அழுகை.

பிறகு எஸ்.எம்.எஸ். உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. ஒரு செய்திக்கு 160 ஆங்கில எழுத்துகள் இடம். தமிழில் அனுப்பினால் 70 இடம்தான். நம் எழுத்தைக் கணினி இரட்டை மடங்குக்கு மேல் இடம் எடுத்துச் சேமிக்கிறது. அந்த 70இலும் "க" ஓர் இடம், "கி" இரண்டு இடம், "க்" கூட இரண்டு இடம். ஆக, தமிழில் எழுதியவருக்கு ஒரே கதையைச் சொல்ல இரண்டு மூன்று மெசேஜின் காசு போனது. அன்றைய சாதாரண போன்களில் தமிழ் எழுத்தே வராது, வந்தாலும் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். ஆங்கிலத்தில் ஓர் எஸ் போட 7ஆம் பட்டனை நாலு தரம் அமத்த வேண்டும். காசும் மிச்சம், விரலும் மிச்சம் என்று உயிரெழுத்துகளைக் கழற்றினோம். நானும் என் வயதுக்காரர்களும் அப்படித்தான் பழகினோம். கடையில் 50 ரூபாய் ரீலோட் போட்டுவிட்டு ஒரு கிழமை ஓட்டியவர்கள் நாங்கள்.

இன்று அந்தக் காரணம் ஒன்றும் இல்லை. வட்ஸ்அப்பில் எழுத்துக்குக் காசு இல்லை. தமிழ் விசைப்பலகை போனிலேயே இருக்கிறது. தட்ட முடியாதவர் பேசினால் போன் தானே எழுதுகிறது. காரணம் செத்துவிட்டது, பழக்கம் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இனி நம் மலையகத்துக்கு வருகிறேன். எனக்கு இந்தச் சுருக்கம் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது.

நம் மலைகளில் இருநூறு வருடமாக மக்களைப் பற்றி எழுதியவர்கள் வேறு ஆட்கள். எழுதப்பட்டவர்களுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஒரு தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போக வேண்டுமானால் "துண்டு" வேண்டும். அவர் இவ்வளவு கடன், கட்டினால் விடுவோம் என்று எழுதிய ஒரு சிறு கடதாசி. குடும்பம், உழைப்பு, வந்த வழி எல்லாம் போய் ஒரு கடன் தொகையாகச் சுருங்கிய மனிதர். 1921இல்தான் சட்டத்தால் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "டின் டிக்கட்" வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எழுத்தும் இலக்கமும் பொறித்த ஒரு தகரத் துண்டு. எந்த ரயிலில் ஏற்றுவது, எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது, செலவை யார் கணக்கில் எழுதுவது எல்லாவற்றுக்கும் அந்தத் தகரம் போதும். ஆளிடம் பெயர் கேட்கத் தேவையில்லை. நிர்வாகத்துக்கு வசதிதான். மிச்சமும்தான். செலவு யாருக்கு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதற்குப் பிறகு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். நீ இங்கே தொடர்ந்து வாழ்ந்தாய் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கொண்டுவா என்று கேட்டார்கள். எழுத்தையே கையில் கொடுக்காத மக்களிடம் எழுத்தைக் கேட்டார்கள். நாடற்றவர் என்ற நிலையை முடிக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இது பழைய கதை இல்லை. பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் ஒவ்வொரு வருடமும் நான் இதைப் பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அப்பாவின் அடையாள அட்டையில் வேறொன்று. யாரோ ஒருவர் கேட்ட மாதிரி, அவசரத்தில் எழுதிய பெயர். முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதே தலைவலி. முஹம்மத் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். போதாததற்கு நாமே அதை எம்.எச்.டி. என்றும், எம்.டி. என்றும், வெறும் எம் என்றும் குறைக்கிறோம். பிறகு கடவுச்சீட்டு எடுக்கும்போதும், வாப்பா வபாத்தாகிச் சேமலாப நிதி எடுக்கும்போதும், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலைகிறோம். அடுத்தவர் நம் பெயரைக் குறைத்தபோது நமக்கு வலித்தது. இப்போது நாமே குறைத்துக்கொள்கிறோம்.

இன்னுமொரு சுருக்கத்தையும் சொல்ல வேண்டும். 786. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்பதன் அரபு எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் வரும் தொகை அது. பில்லிலும் கடிதத்திலும் அல்லாஹ்வின் பெயரை எழுதினால் அது குப்பையில் போய் மிதிபடும் என்ற பயத்தில், மரியாதைக்காகவே வந்த பழக்கம். இது சரியில்லை என்று சொல்லும் உலமாக்களும் இருக்கிறார்கள். அந்தச் சட்டப் பேச்சுக்குள் நான் போகவில்லை. மியன்மாரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அங்கே முஸ்லிம் கடைகளில் இருந்த 786ஐப் பார்த்து, ஏழும் எட்டும் ஆறும் இருபத்தொன்று, 21ஆம் நூற்றாண்டில் நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள் என்று கதை கட்டினார்கள். அதற்கு எதிராக 969 என்ற இயக்கம் கிளம்பியது. 2012, 2013 ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். வெறுப்புக்கு 786 காரணம் இல்லை. வெறுப்பவனுக்கு ஏதாவது ஒன்று கிடைக்கும். ஆனால் அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று முழுதாக எழுதி வைத்திருந்தால் அதை அண்டைவீட்டார் வாசித்திருக்கலாம். இலக்கத்தை வாசிக்க முடியாது. வாசிக்க முடியாத சுருக்கத்தை அடுத்தவர் தன் மனதில் இருப்பதைக் கொண்டு நிரப்புவார். நான் அந்தத் தாயின் "மலை"யை நிரப்பிய மாதிரி.

என் வாப்பா டவுனில் சில்லறைக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்கள் சம்பளம் எடுக்கும் வரை கடன் எழுதுவார்கள். அந்தக் கடன் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. சாமான்களை எல்லாம் வாப்பா ஒற்றை எழுத்தில்தான் எழுதியிருப்பார். "சீ 1, ப அரை, மா 2" என்று போகும். சீனி, பருப்பு, கோதுமை மா. ஆனால் ஆட்களின் பெயர் மட்டும் முழுதாக இருக்கும். அவருடைய அப்பாவின் பெயரும் லயமும் சேர்த்து எழுதியிருப்பார். சின்ன வயதில் ஏன் என்று கேட்டேன். "லெச்சுமி மூணு பேர் இருக்காங்க மகன். ஒரு லெச்சுமி வாங்கின சீனிக்கு மத்த லெச்சுமி காசு கட்டக் கூடாது" என்றார். வாப்பா கலாசாலைக்குப் போனவர் இல்லை. இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்களின் நூலை அவர் பார்த்ததும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே விதியைத்தான் சொல்கிறார்கள். சாமானைச் சுருக்கு, ஆளைச் சுருக்காதே.

ஆக, பிள்ளைகளே, உங்கள் கூட்டாளிமாருக்குள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்களுக்கு விளங்கும், அவர்களுக்கும் விளங்கும். அதில் தலையிட எனக்கு ஆசையும் இல்லை, நேரமும் இல்லை. மூன்று விடயத்தில் மட்டும் என் வேண்டுகோள்.

முதலாவது, ஸலாம். ஆங்கிலத்தில் எஸ், எல், எம் என்று மூன்று எழுத்து வருகிறது. பதிலுக்கு டபிள்யூ, எஸ் என்று இரண்டு போகிறது. ஸலாம் சொல்லப்பட்டால் அதைவிட அழகாக, அல்லது அதே அளவாவது திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது குர்ஆன் தந்த ஒழுங்கு. மூன்று எழுத்துக்கு அழகான பதில் என்ன என்று நீங்களே சொல்லுங்கள். நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களிடம் வந்த சிலர் "அஸ்ஸலாமு" என்பதற்குப் பதிலாக "அஸ்ஸாமு" என்று சொன்ன சம்பவம் புகாரியில் வருகிறது. லாம் என்ற ஓர் எழுத்துப் போனதும் சாந்தி மரணமாகிவிட்டது. அவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள், நீங்கள் அப்படிச் செய்யவில்லை. ஓர் எழுத்துக்கு எவ்வளவு பாரம் இருக்கிறது என்று காட்டத்தான் சொன்னேன்.

இரண்டாவது, மௌத்துச் செய்தி. ஒரு வீட்டில் மையித் கிடக்கும்போது குழுவில் ஆங்கிலத்தில் நாலு எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த நிமிடம் கிரிக்கெட் ஸ்கோர் போடாதீர்கள். இந்து, கிறிஸ்தவ உறவுகளின் வீட்டுச் சாவுக்கும் இதே பேச்சுத்தான். "ஆர்.ஐ.பி." என்று போடுவதற்குப் பதில் "மாமா, கேள்விப்பட்டு மனசு கஷ்டமா இருக்கு" என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வீட்டார் நாற்பது நாள் கழித்துப் போனை எடுத்து வாசிப்பார்கள்.

மூன்றாவது, பெயர். உங்கள் பெயரையும் உம்மா வாப்பா பெயரையும் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறபடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். வீட்டில் எழுதத் தெரியாத பெரியவர்களுக்காக நீங்கள் மெசேஜ் அனுப்பும்போது, அந்த எழுத்து உங்களுடையது இல்லை, அவர்களுடையது. அதைக் குறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பையனின் அம்மா தன் வாயால் சொல்லியிருந்தால் "சேர், நான் மலைக்குப் போகணும், மன்னிச்சுக்கங்க" என்று முழுதாகத்தான் சொல்லியிருப்பார்.

பெரியவர்களுக்கும் ஒன்று. விளங்காத மெசேஜ் வந்தால் திட்டுவதற்கு முதல் கேளுங்கள். இது எனக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தைப் பின்னேரம் நாலரைக்கு வைக்க அதிபரிடம் கேட்டிருக்கிறேன். மலை இறங்கி, கொழுந்து நிறுத்துவிட்டு வரக் கூடியதாக இருக்கும். முழுப்பேரும் விழும்.

எழுத்தில் பிழை இருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்துகிறேன். உங்கள் தோட்டத்தில், உங்கள் குடும்பத்தில் பெயர் மாறிப் பதிந்த கதை இருந்தால் அதையும் எழுதுங்கள். முழுதாக எழுதுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.